மஞ்சள் சோதனையை எடுத்துவிடுங்கள்

கரையான் புற்றில் முளைக்கும் புற்றுக்காளானில் குழம்பு வைப்பது பற்றி நீங்கள் எழுதிய குறிப்பு சரி. ஆனால் காளானில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க மஞ்சள்தூள் போட்டுக் கொதிக்கவைத்து, நிறம் மாறாவிட்டால் சாப்பிடலாம் என்ற வரியைத் தயவுசெய்து நீக்குங்கள். அந்தச் சோதனையை நம்ப முடியாது; வெள்ளிக்காசு, பூண்டு போட்டு நிறம் பார்க்கும் சோதனைகளும் இதே ரகம்தான். அமானிட்டா என்ற காளான் இனத்தின் வகைகள் சிலவற்றில் உள்ள அமடாக்சின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டுப் பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். அப்புறம் தேறியது போலக் காட்டிவிட்டு ஈரலைத் தாக்கும்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் காளானைத் தோண்டித்தான் எடுப்பார்கள். புற்றுக்காளானின் காம்பு வேர் மாதிரி நீண்டு, கரையான் வளர்க்கும் பூஞ்சை வரை போகும். அமானிட்டாவுக்கு அடியில் கிண்ணம் போல உறை இருக்கும். மேலாக வெட்டினால் அந்த உறை மண்ணிலேயே தங்கிவிடும், வித்தியாசம் தெரியாது.

குழம்புக்குச் சின்ன வெங்காயம், மிளகு, நல்லெண்ணெய் போதும். கறிமசாலா போட்டால் காளான் ருசியே தெரியாது.