639 வருடக் கச்சேரி: வாசிப்பது யார்?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் பஜனைக் குழு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் தன் இசைப் படைப்பு ஒன்றை '639 வருடம் வாசிக்கணும்' என்று உயில் எழுதினாராம். ஜெர்மனியில் ஒருவர் 2001 முதல் எழுந்திருக்காமல் வாசிக்கிறாராம்.

பாதி நிஜம், மீதி கதை. ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டாட் ஊர்த் தேவாலயத்தில் அந்தப் படைப்பு ஆர்கனில் (குழாய்களில் காற்று புகுந்து ஒலிக்கும் வாத்தியம்) ஒலிப்பது உண்மை. ஆனால் அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சுருதிப் பெட்டி இல்லாத நாளில் நம் ஆர்மோனியக் கட்டையில் தீக்குச்சியைச் செருகி சுருதி நிறுத்துவோமே, அதே வித்தைதான். சின்ன மணல் மூட்டைகள் கட்டைகளை அழுத்திப் பிடிக்க, மின்விசையில் காற்று போகிறது. சுரம் மாறும் நாளில்தான் ஆள் வருகிறார். 2024 பிப்ரவரி 5 அன்று அப்படி மாறியது.

உயிலும் இல்லை. கேஜ் 1987இல் அதை ஆர்கனுக்காக எழுதியபோது 'முடிந்தவரை மெதுவாக' என்றதோடு சரி. அவர் இறந்தது 1992இல். 639 என்பது பிறர் போட்ட கணக்கு: அவ்வூரின் பழைய ஆர்கன் 1361இல் அமைந்தது, அங்கிருந்து 2000 வரை எண்ணினார்கள்.

இன்னொரு வேடிக்கை, 2001 செப்டம்பரில் தொடங்கிய கச்சேரியில் முதல் பதினேழு மாதம் சத்தமே இல்லை.