ஃபீஸ் கட்டினா டிகிரியாம்!

ஆஸ்திரேலியாவுல ஐடி படிக்கிறதைக் கிண்டல் பண்ணி ஒரு அண்ணன் போட்ட வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. இங்கே திரும்பப் போட்டு அவருக்கு வியூஸ் சேர்க்க மாட்டேன். "ஆஸ்திரேலியாவுல ஐடி மாஸ்டர்ஸா? வெறும் கோர்ஸ்வொர்க். ஃபீஸ் கட்டினா டிகிரி." சிரிப்பு வேற.

கோர்ஸ்வொர்க்னா ஆராய்ச்சிக்குப் பதிலா பாடங்களைப் படிச்சு முடிக்கிற படிப்பு. ஃபீஸ் கட்டினா கிளாஸ்ல உட்கார இடம் கிடைக்கும், அண்ணே. டிகிரி கிடைக்காது.

"வெறும்"னு சொல்றீங்களே, கணக்கைக் கேளுங்க. மோனாஷ் யூனிவர்சிட்டில ஒரு பாடத்துக்கு 6 கிரெடிட் (பாடத்தோட எடையைச் சொல்ற புள்ளி), முழுப் படிப்புக்கு 96. மெல்போர்ன் யூனிவர்சிட்டில 12.5 வீதம் 200. எப்படிக் கூட்டினாலும் ரெண்டு வருஷத்துல 16 பாடம், செமஸ்டருக்கு நாலு. அந்த நாட்டுத் தகுதி வரிசையில ஆராய்ச்சி மாஸ்டர்ஸும் கோர்ஸ்வொர்க் மாஸ்டர்ஸும் ஒரே 9ஆம் நிலை. இது தெரியாமயா ஊருக்கு ஆலோசனை?

அடி விழறது முதல் செமஸ்டர்லதான். பி.காம் முடிச்சு வந்த பிள்ளை புரோகிராமிங் அடிப்படையில தவறினா, நஷ்டம் அந்த ஒரு பாடத்தோட நிக்காது. அதை முடிச்சாத்தான் அடுத்ததை எடுக்க விடுவாங்க. அந்த அடுத்தது வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் நடக்கிற பாடம்னா ஆறு மாசம் போச்சு. கேப்ஸ்டோன்னு சொல்ற கடைசி புராஜெக்ட் தள்ளும், விசாவுக்குக் காட்டின சேர்க்கைச் சான்றோட தேதி முடியும், விசாவை நீட்டிக்கணும். தவறின பாடத்துக்கு மறுபடி முழு ஃபீஸ். ஆமா, ஃபீஸ் கட்டினா டிகிரி!

பாடத்தைக் காசு போகாம விடறதுக்கு சென்சஸ் தேதின்னு ஒண்ணு இருக்கு. பெரும்பாலும் நாலாவது வாரம் வாக்கில வரும். அதுக்குள்ள கைக்கு வந்திருக்கிறது ஒரு சின்ன க்விஸ் மார்க்தான். சமாளிச்சிடலாம்னு இருந்துடுவாங்க. பாதிப் பேர் மாட்டறது இங்கேதான்னு நினைக்கிறேன்.

"குரூப் அசைன்மென்ட்ல ஒருத்தன் செய்யறான், நாலு பேர் மார்க் வாங்கறான்"னு வருவீங்க. புரோகிராம்ல நடக்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு வைக்கிற கிட் (Git) வரலாற்றைத் திறந்தா எந்த வரியை யார் எப்போ ஏத்தினாங்கன்னு தெரியும். கெடுவுக்கு முந்தின ராத்திரி ஒரே கமிட்ல, அதாவது ஒரே பதிவுல, 2,000 வரி கொட்டினவனும் தெரிவான். "ஏஐ எழுதித் தருதே?" அதனாலதான் நேர்ல உட்கார வெச்சு, எழுதின புரோகிராமை விளக்கச் சொல்றாங்க. "ஆராய்ச்சி இல்லையே?" பிஎச்டி ஆசை இருக்கிறவங்க மைனர் தீசிஸ், அதாவது சின்ன ஆராய்ச்சிக் கட்டுரை, எடுக்கலாம், மார்க் இருந்தா. "தகுதியில்லாதவங்களை ஏஜென்ட் அனுப்பறான்." அனுப்பறான். அவனைத் திட்டுங்க, படிக்கிறவனை ஏன்?

அமெரிக்காவுல தீசிஸ் இல்லாம 30 கிரெடிட் முடிச்சா அது மட்டும் "எம்.எஸ்."! அதுவும் கோர்ஸ்வொர்க்தான். அதுக்கு யாரும் சிரிக்கிறதில்லை, சொந்தக்காரங்க வீடு தேடி வந்து வாழ்த்துவாங்க.

ஆஸ்திரேலியாவுல மாணவர் விசாவுல இருக்கிறவனுக்கு செமஸ்டர் நடக்கிறப்போ ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலைக்கு அனுமதி. கிடங்குல ஷிஃப்ட் முடிச்சுட்டு ராத்திரி லைப்ரரியில பைத்தான் புரோகிராம் எர்ரரோட மல்லுக்கட்டறவன் போன்லயும் அந்த வீடியோ வந்திருக்கும். அவன் அப்பா போன்லயும். கல்விக் கடன்ல கையெழுத்துப் போட்டவர் அவர்.

"அண்ணன் ஜோக்குக்குச் சொன்னார்"னு கமெண்ட்ல வராதீங்க. எனக்குச் சிரிப்பு வரலை.