மோரியா ஒண்ணும் செய்யலயாம்

ரெண்டு நாளா எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். ரைடர்ஸ் டு த சீங்குற இங்கிலீஷ் நாடகத்தப் பத்தி ஒரு பெரிய படிப்பாளி மேடையில பேசுன அந்த வீடியோவ நீங்க எல்லாரும் பாத்துட்டீங்க, பாதிப் பேரு எனக்கே அனுப்புனீங்க, அதனால எந்த மேடை, யாரு பேசுனதுன்னு நான் திரும்பச் சொல்லப் போறதில்ல. ஆனா அந்த மூணாம் வருஷப் பொண்ணு எந்திரிச்சு ரெண்டு வார்த்த பேசுறதுக்குள்ள அவர் சிரிச்சுக்கிட்டே "உங்க வீட்டுக் கதைய நாடகத்துல ஏத்தாதீங்கம்மா"ன்னு சொன்னாரு பாருங்க, ஹால்ல கை தட்டுனாங்க பாருங்க, அதுக்கப்புறம் நடந்தது வீடியோவுல இல்ல. அந்தப் பொண்ணு உக்காந்து துப்பட்டா நுனிய முறுக்கிக்கிட்டே இருந்துச்சு, கூட்டம் முடியிற வரைக்கும் தலைய நிமித்தல. நான் பின் வரிசையில இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன். நானும் எந்திரிக்கல. அது உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் இந்தப் பதிவு.

அவர் சொன்னது இதான். ரைடர்ஸ் டு த சீ நாடகத்துல வர்ற கெழவி மோரியா பலவீனமான பாத்திரம். அவ எதுவுமே செய்யல, போராடல, விதின்னு உக்காந்துட்டா, அதனால அந்தப் பாத்திரத்துக்கு வளர்ச்சியே இல்ல. நம்ம சினிமா ஹீரோ தப்போ சரியோ எதாவது செய்யிறான், இவ செய்யல.

நான் இங்க இங்கிலீஷ் டியூஷன் எடுக்குறவ. இந்த ஒரு நாடகத்த மட்டும் எத்தன வருஷம் சொல்லிக் குடுத்துருக்கேன்னு கணக்கில்ல. ஜான் மில்லிங்டன் சிங் அயர்லாந்துக்காரர், மேற்குக் கடல்ல இருக்குற ஆரன் தீவுகளுக்கு வருஷா வருஷம் போயி அந்த சனங்களோட இருந்துட்டு வந்து எழுதுனது, 1904ல டப்ளின்ல மேடையேறுச்சு, ஒரே அங்கம், ஒரு அடுப்படிக்குள்ளயே எல்லாம் முடிஞ்சுரும். மாமனாரு, புருஷன், ஆறு மகனுங்க, எல்லாரையும் கடலுக்குக் குடுக்குற ஒரு கெழவியோட கதை. இத ஆங்கில இலக்கியம் எடுத்த முக்காவாசிப் பேரு நோட்ஸ வச்சுப் படிச்சுட்டு "ஃபேட்டலிசம்"னு, அதான் எல்லாம் விதிப்படிதான்னு, ஒரு வார்த்த எழுதி மார்க் வாங்கிருப்போம். நானும் அப்படித்தான் வாங்குனேன்.

ஆனா மோரியா ஒண்ணும் செய்யலன்னு சொல்றவங்க முதல் பாதிய வாசிச்சீங்களா இல்லயா? கடைசி மகன் பார்ட்லி குதிரைய விக்க கால்வே சந்தைக்குக் கெளம்புறான், காத்து கெட்டுக் கெடக்கு. குதிரைக்குக் கட்ட கயிற எடுக்குறான். அந்தக் கெழவி என்ன சொல்றா? கயித்த அங்கயே வையி, கடல்ல போன மகன் மைக்கேல் உடம்பு கரை ஒதுங்குனா குழிக்குள்ள இறக்க அது வேணும்ங்குறா. ஒரு மகனோட பொணத்தக் காட்டி இன்னொரு மகன நிறுத்தப் பாக்குறா. ஆயிரம் குதிரைய வித்தாலும் மிஞ்சி இருக்குற ஒத்த மகனுக்கு ஈடாகுமான்னு கேக்குறா. இது சண்ட இல்லயா? அவன் கேக்கல, போறான், அது வேற. தோத்துட்டா போராடலன்னு அர்த்தமா? அருவா எடுத்தாத்தான் போராட்டம்னா நம்ம ஊர்ல பாதிப் பொம்பளைங்களுக்குப் பாத்திரமே கிடையாது.

இப்ப அந்தப் பொண்ணு என்ன சொல்ல வந்துச்சுன்னு நான் சொல்றேன், ஏன்னா அத யாருமே முழுசாக் கேக்கல. அது மோரியாவோட சின்ன மக நோராவப் பத்திப் பேச வந்துச்சு. தூரத்துல டோனகல்ல ஒரு உடம்பு கெடச்சிருக்கு, அதுல இருந்த சட்டயையும் ஒத்தக் காலுறையையும் பாதிரியார் குடுத்து விடுறாரு, அது மைக்கேல்தானான்னு அக்காவும் தங்கச்சியும் அம்மாவுக்குத் தெரியாமப் பாக்குறாங்க. சட்டத் துணிய வச்சு சொல்ல முடியாதுங்குறா அக்கா கேத்லீன், கால்வே கடைகள்ல இதே துணி சுருள் சுருளாக் கெடக்கு, வேற எவனும் போட்டுருக்கலாமேங்குறா. அப்பதான் நோரா, தான் கையால பின்னுன காலுறைய எடுத்து பின்னல் கண்ணி எண்ணுறா. அறுவது கண்ணி போட்டேன், நாலு விட்டுப் போச்சுங்குறா. எண்ணிப் பாத்தா அதே கணக்கு. அவ்வளவுதான், அண்ணன் செத்துட்டான்.

அந்தப் பொண்ணு "எங்க ஊர்லயும் இப்படித்தான் சார் அடையாளம் பாப்பாங்க"ன்னு ஆரம்பிச்சதும் அவர் நிறுத்திட்டாரு. வீட்டுக் கதையாம். சார், நோரா செய்யிறதே அதான். கோர்ட்ல கூட அத சாட்சின்னு எடுத்துக்குவாங்க, உங்களுக்குத்தான் அது சென்டிமென்டாத் தெரியுது.

எங்க வீட்டுலயும் நடந்துச்சு, சொல்றேன். நான் எட்டாவது படிக்கிறப்ப சித்தப்பா வல்லத்துல, அதான் நாட்டுப்படகுல, வடகடலுக்குப் போனவரு திரும்பல. வாடக் காத்து காலம். அஞ்சாறு நாள் கழிச்சு ஒரு உடம்பு ஒதுங்கிருக்குன்னு ஆள் வந்துச்சு. முகத்த வச்சு ஒண்ணும் சொல்ற மாதிரி இல்ல. கூடப் போன ஆம்பளைங்க எல்லாம் இது அவன் இல்ல, அவன் இவ்வளவு ஒசரம் இல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அவங்களுக்கு அது அவனா இருக்கக் கூடாது. எங்க அப்பத்தா மட்டும் குனிஞ்சு சட்டக் காலரத் திருப்பிப் பாத்துச்சு. பின்னாடி கிழிஞ்ச எடத்துல நீல நூல்ல தச்சிருந்துச்சு. வலை பொத்துற நூல். வீட்டுல வேற நூல் இல்லாம அப்பத்தாவே தச்சது, கடைசில ஒரு முடிச்சு பெருசாப் போட்டுருக்கும், கழுத்த அறுக்குதுன்னு சித்தப்பா திட்டுவாரு. அந்த முடிச்ச வெரல்ல தடவிப் பாத்துட்டு "நம்ம புள்ளதான், தூக்குங்க"ன்னு சொல்லுச்சு. அப்ப அழுகல. அடக்கம் முடியிற வரைக்கும் அழுகல. வந்த சனம் எல்லாம் கல் நெஞ்சுக்காரின்னு பேசிட்டுப் போச்சு.

பல வருஷம் கழிச்சு காலேஜ்ல நோரா கண்ணி எண்ணுற பக்கத்த வாசிச்சப்ப எனக்குக் கை நடுங்குச்சு. அப்ப நானும் யார்ட்டயும் சொல்லல. வீட்டுக் கதைன்னு சொல்லிருவாங்கன்னு பயம்தான். அதத்தான் அந்தப் பொண்ணு தைரியமா எந்திரிச்சு சொல்லப் பாத்துச்சு.

சரி, இப்ப கமெண்ட்டுக்கு வருவீங்க. "கடைசில அவளே சொல்றாளே, எந்த மனுசனும் எந்நாளும் வாழ முடியாது, நாம அமைஞ்சுதான் போகணும்னு, அது விதிவாதம் இல்லயா?" நியாயமான கேள்வி. அந்த வரி இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அத எப்ப சொல்றான்னு பாருங்க. பார்ட்லி உடம்பக் கொண்டு வந்து போட்டாச்சு. மிச்சம் இருந்த தீர்த்தத்த அவன் மேலயும் மைக்கேல் துணி மேலயும் தெளிச்சுட்டு, காலிக் கோப்பைய மேசையில கவுத்து வைக்கிறா. தீர்த்தம் தெளிக்கிறதுக்கு முன்னாடியே, இனிமே கடலால என்ன ஒண்ணும் செய்ய முடியாதுங்குறா. அது பயந்தவ பேச்சா? குடுக்க வேண்டியது எல்லாம் குடுத்துட்டேன், உனக்கும் எனக்கும் கணக்கு முடிஞ்சு போச்சுன்னு கடலப் பாத்து சொல்றவ சரணடஞ்சவளா? அதுக்கு முன்னாடி, அவளுக்கு ஒரு மகன் கூட மிஞ்சாம ஆண்டவர் விட மாட்டாருன்னு அந்த இளம் பாதிரியார் சொன்னதா நோரா சொல்றப்ப, அவர மாதிரி ஆளுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்ங்குறா. பாதிரியாரையே அப்படிச் சொன்னவ அவ. அந்த வரிய அன்னைக்கு மேடையில யாராவது வாசிச்சிருக்கலாம்.

"அப்ப கடலோரத்துல பொறந்தவங்களுக்கு மட்டும்தான் புரியுமா"ன்னு கேப்பீங்க. நான் அப்படிச் சொல்லல. எழுதுனவரே தீவுக்காரர் இல்ல, போய் இருந்து பாத்து எழுதுனாரு. போய் இருந்து பாத்தாரு, அதத்தான் சொல்றேன்.

நம்ம ஊர்க்காரங்களுக்குப் பாத்திரத்த அலசத் தெரியாதுன்னு நெனக்கிறவங்க ஒரு தடவ திருவிழால ஸ்பெஷல் நாடகம் பாக்க வரணும். ஒத்திகையே கிடையாது, ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, மேடையிலதான் சந்திக்கிறாங்க, வள்ளி திருமணம்னா நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் மணிக்கணக்கா ஓடும். ராத்திரி பத்து மணிக்குத் தார்ப்பாய விரிச்சா விடியிற வரைக்கும் கெழவிங்க உக்காந்து யாரு பேச்சு எடுபட்டுச்சு, யாரு மழுப்புனான்னு தீர்ப்பு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. பக்கத்து ஊர்ல அரிச்சந்திரன் மயான காண்டம் போட்டப்ப எங்க அப்பத்தாவோட போனேன். சந்திரமதி பாம்பு கடிச்ச லோகிதாசனத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறா, சுடுகாடு காக்குற அரிச்சந்திரன் கால்பணமும் முழத்துண்டும் வையிங்குறான், அப்புறம் கழுத்துத் தாலிய வித்துக் கட்டுங்குறான், அந்தத் தாலி புருஷன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்ங்குறதால அவளுக்கு ஆள் யாருன்னு புரியுது. சனமே அழுகுது. திரும்பி வர்ற வழியில அப்பத்தா கேட்டுச்சு: "அவன் சத்தியத்துக்கு அவ எதுக்குடி புள்ளயக் குடுக்கணும்?"

இதவிட நேரான விமர்சனத்த நான் எந்தக் கருத்தரங்குலயும் கேட்டதில்ல. எழுதப் படிக்கத் தெரியாத மனுசி அது.

சினிமாவுக்கும் வர்றேன், அவர் வந்ததால. படகோட்டி 1964ல வந்துச்சு. எனக்கு உசுரு அந்தப் பாட்டுங்க, எங்க தெருவுல எந்த விசேஷம்னாலும் தரைமேல் பிறக்க வைத்தான் ஓடும். ஆனா அதுலயும் ஆம்பள கடல்ல, பொம்பள கரையில கண்ணீரோட. அதே வருஷம் டிசம்பர்ல தனுஷ்கோடி புயல் வந்துச்சு, ஊரும் ரயிலும் போச்சு. மிச்சம் இருந்த சனத்த யாரு எழுப்பி நிறுத்துனது? கரையில நின்ன பொம்பளைங்க அழுதுக்கிட்டே நின்னாங்களா? ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கெடக்கு, அந்த 61 நாளும் சோறு எங்க இருந்து வருது? பாம்பன் சின்னப்பாலத்துல பொம்பளைங்க பாசி எடுக்கக் கடல்ல முங்குறாங்க. அந்தப் பொம்பளைய வச்சு எத்தன படம் வந்துருக்கு? நீர்ப்பறவை 2012ல வந்தப்ப எஸ்தர் கரையில உக்காந்து காத்திருக்கான்னுதான் நாம எல்லாரும் நெனச்சோம், ஆனா அவ புருஷன் உடம்ப வீட்டுக்குள்ளயே பொதச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. உக்காந்திருந்தா ஒண்ணும் செய்யலன்னு அர்த்தம் இல்லங்குறதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்.

இன்னொண்ணு, இது நாடகத்துக்கு வெளிய, ஆனா எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது. படகு திரும்பலன்னா, இல்ல புடிச்சுட்டுப் போயிட்டாங்கன்னா, தெருவுக்கு கேமரா வரும். வந்தவுடனே அழுகுற பொம்பளயத்தான் தேடும். ஒரு தடவ எதிர் வீட்டு அக்கா வாசல்ல உக்காந்து, எந்தப் படகு, எந்த எடம், கூட யாரு யாரு, கடலுக்குப் போறதுக்கு அனுமதி டோக்கன் எப்ப போட்டாங்க எல்லாம் தெளிவாச் சொல்லிச்சு. அத எடுக்கவே இல்ல. உள்ள மயங்கிக் கெடந்த அதோட மாமியாரத்தான் எடுத்துட்டுப் போனாங்க. விவரம் சொன்னவ பாத்திரமே இல்ல அவங்களுக்கு. அன்னைக்கு ஹால்லயும் அதே கதைதான், விவரத்தோட வந்த பொண்ண உக்கார வச்சுட்டாங்க.

"அவர் பெரிய படிப்பாளி, நீ யாரு"ன்னு கேட்டு ரெண்டு பேரு ஏற்கனவே இன்பாக்ஸ்ல வந்தாச்சு. அவர் படிப்பு மேல எனக்கு மரியாத இருக்கு. அந்தப் பொண்ணு படிப்பு மேல அவருக்கு இருந்துருக்கணும்.

பாப்பா, நீ இத வாசிப்பன்னு தெரியும், உன் ஃபிரெண்ட் ஒருத்தி என் லிஸ்ட்ல இருக்கா. அந்தக் கண்ணி எண்ணுற பக்கத்துல நீ பென்சில்ல கோடு போட்டு வச்சிருந்தத நான் உன் பின்னாடி உக்காந்திருந்தப்பவே பாத்தேன். அத அழிச்சுறாத. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு புத்தகத்த எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வா. அன்னைக்கு நிறுத்துன எடத்துல இருந்து சொல்லு. அப்பத்தாவும் இருக்கும், காது கொஞ்சம் மந்தம், சத்தமாச் சொல்லு.