பாட்டு போட்டா ராக்கெட் பறக்குமா?

ஞாயிற்றுக்கிழமை ஓர் அறிவியல் அமைப்பு பிள்ளைகளுக்காக நடத்திய நிகழ்ச்சியில், விண்வெளி வீரர்களுக்கான பாட்டுகளைப் பற்றி நான் பேசிய நேரலையைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். பேசாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் இன்று காலை, அங்கே என்னை இடைமறித்த பெரியவர் பேசியதை மட்டும் வெட்டியெடுத்து, "செம பதிலடி" என்று கைதட்டல் எமோஜியோடு சுற்ற விட்டிருக்கிறார்கள். அப்ப சரி, நானும் பேசுகிறேன்.

நான் செய்த குற்றம் இதுதான். 1965 டிசம்பரில் ஜெமினி 6 விண்கலத்திலிருந்து வால்ட்டர் ஷிராவும் தாமஸ் ஸ்டாஃபோர்டும் ஹார்மோனிகாவும் மணியுமாக வாசித்த கிறிஸ்துமஸ் பாட்டைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். முன் வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "அவங்கள காலைல எழுப்பறதுக்கும் பாட்டு போடுவாங்களா, யாரு போடுவாங்க?" என்றாள். அருமையான கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் மைக் அந்தப் பெரியவர் கைக்குப் போய்விட்டது. "பாட்டுக் கச்சேரி போதும், அறிவியலுக்கு வருவோம். பாட்டு போட்டா ராக்கெட் பறக்குமா?" அரங்கமே சிரித்தது.

பறக்காது ஐயா. ராக்கெட் பறக்க எரிபொருள் போதும். உள்ளே இருக்கிற மனுஷனுக்கு அது போதுமா?

பூமியைச் சுற்றும் விண்கலத்துக்கு ஒரு சுற்று சுமார் 90 நிமிடம். ஒரு நாளைக்கு 16 முறை சூரியன் உதிக்கும், 16 முறை மறையும். அப்படியென்றால் எது காலை? அங்கே காலை என்று ஒன்று கிடையாது. யாராவது சொன்னால்தான் உண்டு. அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறை சொன்னது, பாட்டுப் போட்டு. தரையிறங்கும் நேரத்துக்கு ஏற்றபடி தூக்க நேரத்தை முன்னே பின்னே தள்ளிக்கொண்டே போவார்கள். ஹூஸ்டனில் நட்டநடு ராத்திரியாக இருந்தாலும் மேலே பாட்டு ஒலித்தால் விடிந்துவிட்டது என்று அர்த்தம். இது பொழுதுபோக்கா? விடியலையே ஒருத்தர் உட்கார்ந்து தயாரிக்கிறார், அது வேலை இல்லையா?

நான் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன் என்பது இங்கே பலருக்குத் தெரியும். அங்கே ஜன்னல் கிடையாது. ட்யூப்லைட்தான் சூரியன். பசிபிக்கில் மேற்கே போகும்போது கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரமாகப் பின்னுக்குத் தள்ளுவார்கள். கொஞ்ச நாளில் உடம்புக்கு எதுவுமே பிடிபடாது. எங்கள் மெஸ்ஸில் தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர் இருந்தார். கேப்டனின் கடிகாரத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அவர் கேசட்டைத் தட்டிவிட்டு சீர்காழியார் குரல் வந்தால்தான் எங்களுக்குப் பொழுது விடியும். "எந்திரி தம்பி, காலையாயிருச்சு" என்பார். வெளியே போய்ப் பார்த்தால் கும்மிருட்டு. இருந்தாலும் காலைதான். அந்தக் கேசட் இல்லாமல் போயிருந்தால் நான் பாதியிலேயே ஊருக்கு ஓடியிருப்பேன். எஞ்சின் ஓடியிருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

"உணர்ச்சிவசப்படறீங்க சார், அது மக்கள் வரிப்பணம்" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்தார். எவ்வளவு வரிப்பணம் தம்பி? விண்கலத்தோடு பேசிய அதே குரல் இணைப்பில்தான் பாட்டும் போனது. பாட்டைச் சொன்னது பெரும்பாலும் வீரர்களின் குடும்பமும் நண்பர்களும். ஒரு சிடி விலை இருக்குமா? பெருந்தொகைதான்!

விளம்பரம் என்கிறார்கள். ஆமாம், விளம்பரம்தான். 2011-இல் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தின் கடைசிப் பயணத்துக்கு, எந்தப் பாட்டைப் போடலாம் என்று மக்களிடம் ஓட்டெடுப்பே நடத்தினார்கள். ஜெயித்த இசைக்குழு ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறைக்கே வந்து நேரடியாகப் பாடியது. அதனால் என்ன குறைந்துவிட்டது?

அடுத்தது பெரிய அறிவாளியின் கேள்வி: "சர்வதேச விண்வெளி நிலையத்தில் இப்படி எழுப்புவதில்லையே, அவரவர் அலாரம்தானே?" உண்மைதான். அங்கே ஆறு மாதம் குடியிருக்கிறார்கள், அது வீடு மாதிரி. அவ்வளவுதான் வித்தியாசம், அடுத்து போகலாம்.

கல்பனா சாவ்லா என்றால் எல்லாரும் எழுந்து நிற்பீர்கள். அவருக்கு டீப் பர்ப்பிள் என்றால் உயிர். கொலம்பியா விண்வெளி ஓடத்தில் அவருக்காக அந்த ராக் குழுவின் பாட்டைப் போட்டுத்தான் ஒருநாள் எழுப்பினார்கள். அந்தப் பயணத்தின் கடைசிக் காலை, 2003 பிப்ரவரி 1, சக வீராங்கனை லாரல் கிளார்க்குக்காக ஸ்காட்லாந்து பைப் இசை ஒலித்தது. தரையிறங்க 16 நிமிடம் இருக்கும்போது என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். எங்கோ ஒரு குடும்பம், நாம் சொன்ன பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள் என்றாவது நினைத்துக்கொள்ளும். இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. ஆனால் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை, மைக்கைப் பிடித்திருந்த எனக்கு இருந்தது.

இன்னொன்றும் கேளுங்கள். செவ்வாயில் ஓடிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகளுக்கும் பாட்டு போட்டார்கள். காதே இல்லாத இயந்திரத்துக்கு! பாட்டு கேட்டது, கலிஃபோர்னியாவின் பசடீனாவில் இருந்து அந்த ஊர்திகளை இயக்கிய மனிதர்கள். செவ்வாயின் நாள் நம் நாளைவிட ஏறக்குறைய 40 நிமிடம் நீளம். அந்தக் கணக்கில் வேலைக்கு வந்தவர்களின் தூக்கம் தினமும் 40 நிமிடம் நழுவிக்கொண்டே போகும். அவர்களுக்கும் விடிய வேண்டாமா? 2019 பிப்ரவரியில் ஆப்பர்சூனிட்டிக்குக் கடைசியாக ஒருமுறை கட்டளை அனுப்பிப் பார்த்தார்கள். பதில் இல்லை. அன்றைக்குப் போட்டது ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் பாட்டு. விஞ்ஞானிகள்தான் அழுதார்கள். அவர்களும் அறிவியலுக்கு வரவில்லை போலிருக்கிறது.

நம் ஊரில் பிள்ளைகளுக்கு விடுபடு திசைவேகம், அதாவது பூமியின் ஈர்ப்பை விட்டு வெளியேறத் தேவையான வேகம், மட்டும் மனப்பாடம் ஆனால் போதும், விண்வெளியைக் கற்பித்துவிட்டோம். நொடிக்கு 11.2 கிலோமீட்டர் என்று ஒப்பிக்காத பிள்ளை அந்த அரங்கில் இல்லை. கேள்வி கேட்டது ஒரு பிள்ளைதான். அதையும் உட்கார வைத்தாயிற்று. இத்தனை வருஷமாக அந்த அமைப்புக்குப் பைசா வாங்காமல் பேசியிருக்கிறேன். நிர்வாகிகளில் ஒருவராவது அன்று ராத்திரி போன் பண்ணியிருக்கலாம். முதலில் சிரித்தவர் யார் என்பதும் நேரலையில் தெரிகிறது. அவர் இந்தப் பதிவையும் படிப்பார், படிக்கட்டும்.

நாசாவின் வரலாற்றுப் பிரிவில் காலின் ஃப்ரைஸ் என்பவர் இந்தத் துயிலெழுப்பும் பாட்டுகளையெல்லாம் நாள்வாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறார். ஜெமினி காலத்திலிருந்து, பக்கம் பக்கமாக, பொதுவெளியில் கிடைக்கிறது. அதைப் படித்துவிட்டு யார் வந்தாலும் விடிய விடியப் பேசலாம். படிக்காமல் "ஆனாலும் சார்..." என்று ஆரம்பிப்பவர்களை பிளாக் பண்ணப் போகிறேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது.