ஆர்வத்துக்கு ஓ.டி. கிடையாதாம்

ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி கல்லூரி விழாவில் ஒருவர் மேடையேறிப் பேசியதை ஆளுக்கு ஆள் பகிர்ந்தாயிற்று, நான் மறுபடி விளக்கப் போவதில்லை. வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனியில் சேர்ந்தவன் கடிகாரம் பார்க்கக் கூடாதாம், அது வேலையே இல்லையாம், ஆர்வமாம். கைதட்டல் வேறு.

சரி ஐயா, ஆர்வம்தான். அதற்காகக் கூலி கொடுக்காமல் இருக்கலாமா? கூடுதலாக வேலை வாங்கினால் கூடுதலாகக் கொடுங்கள். நான் சொல்வது இவ்வளவுதான்.

என் அக்கா மகன் ஓசூரில் எங்கள் வீட்டில் தங்கி, பெங்களூருக்கு கேம் டெஸ்டிங் வேலைக்கு, அதாவது கேமில் பிழை தேடும் வேலைக்குப் போகிறான். நாள் பூரா விளையாட்டு, அதுக்குச் சம்பளமும் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் பொறாமை. அவன் என்ன விளையாடுகிறான் தெரியுமா? ஒரு சுவர். திரையில் இருக்கும் பொம்மையை அதில் நேராக முட்டவிட வேண்டும், சாய்வாக முட்டவிட வேண்டும், குதித்து, குனிந்து, ஓடிவந்து. எங்காவது உள்ளே புகுந்துவிட்டால் அதைப் படம்பிடித்து, எப்படி நடந்தது என்று வரிவரியாக எழுதி அனுப்ப வேண்டும். சரிசெய்து திரும்பி வரும். மறுபடி அதே சுவர். வெளியீட்டுத் தேதி நெருங்கினால் சனி, ஞாயிறும் போச்சு. "கிரஞ்ச் மாமா" என்பான்; கெடு நெருங்கும்போது நேரம் காலமில்லாமல் வேலை வாங்குவதற்கு அவர்கள் வைத்த பெயர். அத்திப்பள்ளி தாண்டி ராத்திரி வீடு வந்து சேர்ந்தால் சோற்றைப் பிசையக்கூட மணிக்கட்டு வளையாது. ஓ.டி., அதான் ஓவர்டைம் கூலி, கொடுத்தார்களா என்று கேட்டேன். பீட்சா கொடுத்தார்களாம்.

நான் சிப்காட்டில் லேத் ஓட்டுகிறவன். ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்று 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள். எனக்கும் கடைசல் வேலையில் ஆர்வம் உண்டு. அதைக் காரணம் காட்டி யாரும் என் ஓ.டி.யைப் பிடித்ததில்லை.

உலகம் பூரா இப்படித்தான் என்று ஒருவர் வருவார். வாங்க. 2004-இல் அமெரிக்காவில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கேம் கம்பெனியில் தன் வருங்காலக் கணவர் படும் பாட்டை ஒரு பெண் பெயர் போடாமல் இணையத்தில் எழுதினார். அந்தக் காலத்து ஓவர்டைம் வழக்குகளில் அதே நிறுவனம் ஓவியர்களுக்கு 1.56 கோடி டாலர், புரோகிராமர்களுக்கு 1.49 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. உலகத்தைப் பார்ப்பதென்றால் அதையும் பாருங்கள்.

சின்ன கம்பெனி, கையில் காசில்லை என்பார்கள். இருக்கலாம். வெளியீட்டுத் தேதியை அறிவிக்கும்போது அது தெரியாதா? பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

காசை விடுங்கள். அவன் ராப்பகலாக உழைத்த கேம் வெளிவந்தபோது காவேரிப்பட்டணத்திலிருந்து அக்கா வந்து உட்கார்ந்து, கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை முழுக்கப் பார்த்தாள். அவன் பெயர் இல்லை. ஒப்பந்தம் முந்தியே முடிந்துவிட்டதாம், அதனால் போடவில்லையாம். ஒரு வரி! அதற்கு என்ன செலவு? போன மாதம் பெண் பார்க்கப் போன இடத்தில் "பையன் கேம் விளையாடுறாராமே" என்று ஒரு பெரியவர் சிரித்தார். அக்கா காபியைக் குடிக்காமலே எழுந்துவிட்டாள். ஆர்வம் ஆர்வம் என்கிறவர் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வார்த்தை பேசுவாரா?

கமெண்டில் "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்கப் போகிறவர்கள், தயவுசெய்து உங்கள் பே ஸ்லிப்பையும் சேர்த்துப் போடுங்கள்.