ஜோவின் திருமணத்தை மாற்றியது 2019 படமா?

‘லிட்டில் விமன்’ என்பது லூயிசா மே ஆல்காட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் நாவல்; எழுத்தாளராக விரும்பும் ஜோ அதன் நாயகி. ‘அந்த நாவலில் ஜோ திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்பதே ஆசிரியரின் விருப்பம், 2019-இல் அதைப் படமாக்கிய இயக்குநர் கிரெட்டா கெர்விக், அந்தத் திருமணத்தைப் பதிப்பாளருக்காக எழுதிய முடிவுபோலக் காட்டி, இன்றைய பெண்ணியத்தைத் திணித்து அதைக் கெடுத்துவிட்டார்’ என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இது தவறு.

நாவலில் ஜோ பேராசிரியர் பேயரை மணக்கிறாள், அது சரி. ஆனால் அது ஆல்காட்டின் ஆசை அல்ல. 1868-இல் முதல் பாகம் வந்ததும், ஜோ யாரை மணப்பாள் என்று கேட்டு இளம் வாசகிகள் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். யாரையும் திருப்திப்படுத்துவதற்காக ஜோவை அவளுடைய பக்கத்து வீட்டு நண்பன் லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்று ஆல்காட் தன் நாட்குறிப்பில் எழுதினார். ஜோ மணமாகாத எழுத்தாளராகவே இருந்திருக்க வேண்டும் என்று பின்பு ஒரு கடிதத்திலும் சொன்னார். வாசகிகளின் வற்புறுத்தலால்தான் பேயரை உருவாக்கினார். ஆல்காட் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

இந்த நாவலைத் தழுவிய 1933, 1949 படங்கள் பேயருடன் ஜோ சேர்வதையே நிறைவாகக் காட்டின. 1994-இல் கில்லியன் ஆம்ஸ்ட்ராங் எடுத்த படத்தில் ஜோ பெண்களின் வாக்குரிமைக்காக வாதாடுகிறாள். அந்தக் காட்சி நாவலில் இல்லை. ஆனாலும் ஆல்காட்டுக்கு அந்நியமானது அல்ல. 1879-இல், தான் வாழ்ந்த அமெரிக்காவின் கான்கார்டு ஊரில் வாக்காளராகப் பதிவுசெய்த முதல் பெண் அவர்தான்.

கெர்விக் படத்தில் ஜோ பதிப்பாளரிடம் பேரம் பேசிக் காப்புரிமையைத் தானே வைத்துக்கொள்கிறாளே, அதுவும் வெறும் கற்பனை அல்ல. தன் நாவலின் காப்புரிமையை ஆல்காட் விற்காமல் வைத்திருந்தார். சொல்லப்போனால், முந்தைய படங்களைவிட ஆசிரியரின் மனதுக்கு நெருக்கமாக வந்தது இந்தப் படம்தான்.