பக்கத்து வீட்டுக் கணக்கு தெரிந்தால் போதும்

கட்டணத்தை ஏற்றினால் ஒழிய வீடுகளில் தண்ணீர்ச் செலவு குறையாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், காப் கவுண்டியில், 2007 வறட்சியின்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரு சோதனை நடந்தது. வெறும் சிக்கனக் குறிப்புகள் போன வீடுகளில் ஒரு சதவீதம் குறைந்ததே பெரிது. 'போன கோடையில் நீங்கள் செலவழித்த தண்ணீர் இவ்வளவு, வட்டாரச் சராசரி இவ்வளவு' என்று கடிதம் போன வீடுகளில் கிட்டத்தட்ட 5 சதவீதம். அதிலும், தாராளமாகச் செலவழித்தவர்கள்தான் அதிகம் குறைத்தார்கள். நாளாக நாளாக வேகம் தணிந்தது, உண்மைதான். அதனால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

ஒரு சிக்கல்: சராசரிக்குக் கீழே இருப்பவர் 'சரி, நமக்கு இன்னும் இடமிருக்கிறது' என்று கூட்டிவிடுவார். கலிபோர்னியாவின் சான் மார்கோஸில் வீடுகளின் மின்சாரச் செலவை இப்படி ஒப்பிட்டுச் சீட்டு கொடுத்தபோது அப்படித்தான் ஆனது. குறைவாகச் செலவழித்தவர்களின் சீட்டில் பாராட்டாக ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்ததும் அது நின்றது.

சென்னையில் பல அடுக்ககங்களில் வீட்டுக்கு வீடு மீட்டரே இல்லை. லாரித் தண்ணீர்ச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் சமமாகப் பிரிந்துவிடுகிறது. யார் வீட்டில் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது. குடியிருப்போர் சங்கங்கள் முதலில் மீட்டர் பொருத்தி, மாதாமாதம் சராசரியை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டட்டும். கட்டண உயர்வை அப்புறம் பேசலாம்.